கேள்வி–பதில்: முதலில் துணியைப் பொறுக்குங்கள்

சென்ற இதழில் பென்சில்வேனியாவின் பழைய நீளத் துப்பாக்கிகளைப் பற்றி இரண்டே பத்தி எழுதியிருந்தேன். லேன்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் தங்கள் ஊர்க் குட்டைத் துப்பாக்கியை நீட்டி, மெலிதாக்கி, குண்டைச் சிறிதாக்கி ஈயத்தையும் மருந்தையும் மிச்சம் பிடித்த கதை. செய்தது பென்சில்வேனியாவில், பேர் வாங்கிக்கொண்டு போனது கெண்டக்கி. அதற்கு வந்த கடிதங்களில் வரலாறு கேட்டவர்கள் குறைவு. "என்னிடமும் ஒன்று இருக்கிறது, பார்த்த இடத்தில் அடிக்க மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல்தான் நிறைய. அமெரிக்காவில் நம் ஆட்கள் இத்தனை பேர் குழல்வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கே புதுச் செய்தி. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே.

கேள்வி (ஓஹையோ வாசகர்): ஐயா, பழைய ஹாக்கன் பாணி 50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) ரைஃபிள் ஒன்றை, அடித்தால் பற்றும் சின்னக் கேப் வைத்துச் சுடும் வகை, ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன். விற்றவர் 90 கிரெயின் மருந்து போடச் சொன்னார். கடைக்காரர் 70 என்கிறார். ரேஞ்சில் பக்கத்து பெஞ்சுப் பெரியவர் 60-க்கு மேல் போடாதே என்கிறார். 90 போட்டு 50 கஜத்தில் சுட்டால் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன. யார் சொல்வது சரி? கோளாறு துப்பாக்கியிலா, என் கண்ணிலா?

பதில்: மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள், அவரவர் துப்பாக்கியைப் பற்றி. விற்றவர் சொன்னதை மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மான் வேட்டைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை சுடுகிற ஆட்கள் பெரும்பாலும் சத்தத்தை வைத்துத்தான் அளவு முடிவு செய்கிறார்கள்.

லோடு என்றால் நமக்கு மணல் லாரி ஞாபகம் வரும். இந்தத் துப்பாக்கிக்காரர்கள் லோடு என்பது ஒரு தடவை சுடுவதற்குக் குழலுக்குள் போகிற மொத்தச் சமாச்சாரம்: மருந்து எவ்வளவு, எந்தப் பொடி ரகம், குண்டின் விட்டம், அதைச் சுற்றும் துணியின் தடிமன், துணியில் தடவியது என்ன, எவ்வளவு அழுத்திக் கெட்டித்தீர்கள், இரண்டு குண்டுக்கு நடுவில் குழலைத் துடைத்தீர்களா இல்லையா, எல்லாம் சேர்ந்தது. நீங்கள் அதில் ஒன்றைப் பற்றி மட்டும் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக் கொல்லர் துப்பாக்கியை விற்கும்போது அந்தக் குழலுக்கென்றே வெட்டிய குண்டு அச்சையும் கூடவே கொடுப்பார். இரண்டு குழல்கள் ஒரே அளவாக அமையாது என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு இயந்திரத்தில் துளைத்த குழல்களில் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது, ஆனால் போய்விடவில்லை.

அளவுக்கு வருவதற்கு முன்னால் உங்கள் குழலின் முறுக்கு எவ்வளவு என்று பாருங்கள். உள்ளே சுற்றிச் செல்லும் பள்ளங்கள் ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் ஆகிறது என்பதுதான் முறுக்கு. மருந்தும் குண்டும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கைப்பிடியில் தானாகச் சுழலும் சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி அடிவரை இறக்குங்கள். குழல்வாய்க்கு நேராகக் கம்பியில் ஒரு டேப் ஒட்டி, மேல்பக்கம் ஒரு கோடு போடுங்கள். மெதுவாக இழுத்தால் கம்பி தானே திரும்பும். கோடு பாதிச் சுற்று திரும்பியதும் டேப் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளந்து இரண்டால் பெருக்குங்கள். 48 அங்குலம் வந்தால் அது உருண்டைக் குண்டுக்கும் நீளக் குண்டுக்கும் பொதுவாகச் செய்த சமரசக் குழல். 1970-இல் தாம்சன் சென்டர் நிறுவனம் ஹாக்கன் என்ற பெயரில் விற்க ஆரம்பித்ததிலிருந்து ஏகப்பட்ட துப்பாக்கிகள் இந்த முறுக்கில்தான் வந்தன. 60, 66 என்று வந்தால் உருண்டைக் குண்டுக்கென்றே செய்தது. 28, 32 என்று வந்தால் அது நீளக் குண்டுக்கான குழல், உருண்டைக் குண்டோடு ரொம்ப மல்லுக்கட்ட வேண்டாம். பொதுவாக, முறுக்கு நிதானமாக இருக்கும் குழல் கொஞ்சம் கூடுதல் மருந்தை விரும்பும், 48 போன்றது குறைவான மருந்தில் ஒழுங்காகச் சுடும். உங்களுடையது 48 என்று வைத்துக்கொண்டால் 90 கிரெயினில் தட்டு அகலத்துக்குச் சிதறியதில் அதிசயமே இல்லை.

இனி ரேஞ்சுக்குப் போவோம். 50 கஜத்தை விட்டுவிட்டு 25 கஜத்தில் இலக்கை மாட்டுங்கள். இலக்கு கையெட்டும் தூரத்தில் இருந்தால் உங்கள் கண்ணின் பிழை கணக்கில் பெரிதாக வராது. மணல் மூட்டையில் சாய்த்துச் சுடுங்கள், ஆனால் மூட்டைமேல் உட்கார வேண்டியது முன்கட்டை, இரும்புக் குழல் அல்ல. ஒவ்வொரு தடவையும் கட்டையின் அதே இடம் மூட்டையில் படவேண்டும்.

ஆரம்ப அளவுக்குப் பழையவர்கள் சொல்லும் வாய்ப்பாடு ஒன்று உண்டு: காலிபர் எவ்வளவோ அவ்வளவு கிரெயின். 50 காலிபருக்கு 50. அங்கே ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏறுங்கள். உங்கள் துப்பாக்கியின் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள். கையேடு தொலைந்திருந்தால் தயாரித்த நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு சுடுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து குண்டு. மூன்று குண்டு சுட்டு அவை ஒட்டி விழுந்துவிட்டால் மனசு அங்கேயே கடையைக் கட்டச் சொல்லும். நானும் அப்படிக் கட்டி ஒரு பருவம் முழுக்க ஏமாந்திருக்கிறேன். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம்தான், ஒரு பவுண்டு மருந்தில் 7000 கிரெயின். ஆக 60 கிரெயின் வீதம் ஒரு டப்பாவில் நூற்றுப் பதினாறு தடவை சுடலாம். கஞ்சத்தனம் வேண்டாம்.

அளப்பது அளவுக் குழாயில். அது கன அளவு, தராசு எடை அல்ல. ஊரில் படியில் அரிசி அளக்கும்போது ஒருவர் தலைதட்டி அளப்பார், ஒருவர் கும்பாச்சியாக அளப்பார், ஒருவர் படியைத் தரையில் தட்டித் தட்டி அளப்பார். எப்படி அளந்தாலும் ஒரே மாதிரி அளந்தால் போதும். மருந்துக் கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கனல் துணுக்கு மிஞ்சியிருந்தால் கையில் இருக்கும் மொத்த மருந்தும் வெடிக்கும். அளவுக் குழாயில் இருப்பது மட்டும் பற்றினால் புருவம் கருகுவதோடு போகலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போக வேண்டியது கருமருந்து, அல்லது அதற்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் போன்றவை. நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். குழல் கிழிந்துவிடும்.

பொடி ரகத்தில் 2எஃப் பெருநொய், 3எஃப் சன்னநொய். சன்னமானது வேகமாக எரியும், அதனால் பத்து பதினைந்து சதம் குறைத்துப் போடவேண்டும். 50 காலிபரில் இரண்டும் ஓடும். எனக்கு 3எஃப் பிடிக்கும், கரி கொஞ்சம் குறைவாகச் சேர்கிறது. ஒரே ரகத்திலும் கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும், ஸ்விஸ் மருந்து மற்றவற்றைவிடச் சூடு. டப்பா மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

இப்போது முக்கியமான இடம். ஐந்து சுட்டு முடித்ததும், ரேஞ்சை மூடிவிட்டு முன்னால் போகலாம் என்று அறிவித்ததும், எல்லாரும் இலக்கைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். பெஞ்சிலிருந்து ஐந்தாறு கஜம், பத்து கஜம் தள்ளிப் புல்லில் குனிந்து பாருங்கள். குண்டைச் சுற்றிப் போன துணித் துண்டுகள் அங்கே கிடக்கும். அவற்றைப் பொறுக்கி பெஞ்சில் வரிசையாகப் பரப்புங்கள். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் அழுக்காக, சுற்றிக் கரிவளையம், ஓரம் கொஞ்சம் பிசிறு, மற்றபடி துணி முழுசாக, திரும்ப ஒரு தடவை சுடலாம் போல இருந்தால் உங்கள் துணி, எண்ணெய், குண்டு மூன்றும் ஒத்துப்போகின்றன. இனி மருந்தை மட்டும் கவனித்தால் போதும். நடுவட்டத்தைச் சுற்றிக் கருகி ஓட்டை விழுந்திருந்தால் தீ துணியைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். துணி மெலிசு, அல்லது எண்ணெய் போதவில்லை. பிளேடால் கீறியது மாதிரி நேர்க்கோடுகள், அதுவும் பள்ளங்களின் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தால், குழல்வாயின் விளிம்பு கூராக இருந்து குண்டை உள்ளே தள்ளும்போதே துணியை அறுக்கிறது. துணியே கிடைக்கவில்லை, நூல்நூலாகப் பறந்துவிட்டது என்றால் அன்றைக்கு அளவு மாற்றிச் சுடுவது வீண். எத்தனை கிரெயின் போட்டாலும் குண்டு சிதறத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்தில் துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் சந்தேகமெல்லாம் அங்கேதான்.

விளிம்பு கூராக இருந்தால் பயப்பட வேண்டாம். மிக நைசான உப்புத்தாளைக் கட்டைவிரலுக்கும் குழல்வாய்க்கும் நடுவில் வைத்து, விரலைச் சுழற்றியபடி அவ்வப்போது குழலையும் திருப்பித் தேய்த்தால் கூர் மழுங்கும். உள்ளே பொடி விழாமல் முதலில் ஒரு துணியை அடைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை, அவசரப்பட்டால் அசிங்கமாகும்.

துடைப்பது அடுத்தது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்த வெள்ளைப் புகையும் குழலுக்குள் ஒட்டும் கரியும் அதுதான். துடைக்காமல் சுட்டால் இரண்டாவது குண்டு இறங்கும் குழலும் முதல் குண்டு இறங்கிய குழலும் ஒன்றல்ல. ஒவ்வொரு தடவையும் ஈரத் துணி ஒன்று உள்ளே வெளியே ஒரே இழுப்பு, பிறகு காய்ந்த துணி ஒன்று. ஈரம் என்றால் சொட்டச் சொட்ட அல்ல, எச்சில் பட்ட அளவுக்கு. மாவரைக்கிற மாதிரி மேலும் கீழும் இடித்தால் கரியெல்லாம் அடியில் போய் அடைத்துக்கொள்ளும், கேப் மட்டும் டப் என்று வெடித்து உள்ளே ஒன்றும் நடக்காது. அப்படி ஆனால் ஒரு நிமிஷமாவது துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடித்திருங்கள், தாமதமாகப் பற்றுவது உண்டு.

கெட்டிக்கும்போது குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்தே ஆகவேண்டும். நடுவில் இடைவெளி இருந்து சுட்டால் அந்த இடத்தில் குழல் உப்பிக்கொள்ளும், சில சமயம் வெடிக்கும். அதனால் கெட்டிக்கும் கோலில் குழல்வாய்க்கு நேராக ஒரு கோடு போட்டு வையுங்கள், கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் சுடாதீர்கள். அளவு மாறும்போது கோடும் மாறும். கோலைத் தூக்கித் தூக்கிக் குண்டின் தலையில் குத்துகிறவர்களைப் பார்க்கிறேன், அது வேண்டாம். ஒரே சீராக அழுத்தினால் போதும். முகமும் உடம்பும் குழல்வாய்க்கு நேரே வேண்டாம், எப்போதுமே.

இப்படி 50, 55, 60, 65, 70 என்று ஏறும்போது ஒரு வேடிக்கை நடக்கும். குரூப், அதாவது ஐந்து குண்டும் விழும் கூட்டம், சுருங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் இறுகி, பிறகு திறந்துகொள்ளும். இறுகிய இடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கிரெயின் நகர்த்திப் பார்த்துவிட்டு, அதையே 50 கஜத்தில் இன்னொரு நாள் சுட்டு உறுதிசெய்யுங்கள். 48 முறுக்கென்றால் 60-க்கும் 75-க்கும் நடுவில் எங்கோ நிற்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மருந்தை மாற்றிய அன்றைக்கே துணியையும் மாற்றினால், குரூப் நன்றாக வந்தாலும் யாருக்கு மாலை போடுவது என்று தெரியாது.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். துணி முழுசாக வந்து, 25 கஜத்தில் குண்டுகள் ஒட்டி விழுந்து, 50-இல் மட்டும் சிதறினால் அப்போது கண் டாக்டரிடம் போகலாம்.

கேள்வி (மேரிலாந்து வாசகி): என் கணவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஆறு மாதம் ஆகிறது. என் தையல் பெட்டியிலிருந்து கிடைத்த துணியையெல்லாம் வட்டம் வட்டமாக வெட்டுகிறார். சமையலறை எண்ணெயும் காணாமல் போகிறது. எந்தத் துணி, எந்த எண்ணெய் என்று சொல்லிவிட்டால் வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

பதில்: உங்கள் கணவர் என் ஜாதி. நான் ஒரு பழைய நாலு முழ வேட்டியை வெட்டிச் சுட்டுப் பார்த்தேன். தும்பைப்பூ மாதிரி பறந்தது, ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. வேட்டித் துணி நைசு, தாங்காது.

கணக்கு இதுதான். 50 காலிபர் குழலின் உள்விட்டம் 0.500 அங்குலம். குண்டு 0.490. மிச்சம் ஒரு பக்கத்துக்கு 0.005 அங்குலம். அந்தச் சந்துக்குள் 0.015-லிருந்து 0.018 அங்குலத் துணியைத் திணிக்கிறோம், மூன்றில் ஒரு பங்காக நசுங்கிப் பள்ளங்களிலும் பிதுங்கி அடைத்துக்கொள்கிறது. தீ தாண்டாமல் தடுப்பதும், குழலின் முறுக்கைக் குண்டுக்குக் கொடுப்பதும், எண்ணெயைச் சுமப்பதும் அந்தத் துணிதான். குழலை விட்டதும் குண்டை விட்டு விலகிவிடவும் வேண்டும். இத்தனை வேலைக்கு நெருக்கமாக நெய்த நூறு சதம் பருத்தி வேண்டும். இங்கே தலையணை, மெத்தை உறைக்கென்று விற்கும் நீலக்கோடு போட்ட பருத்தித் துணி எல்லாருக்கும் பிடித்தமானது. ஊரில் காடாத் துணியில் கனத்த ரகம் என்பார்களே, அந்தப் பதம். பாலியெஸ்டர் கலந்தது கூடாது, உருகிக் குழலில் ஒட்டும். புதுத் துணியை முதலில் ஒரு தடவை துவைத்து உலர்த்துங்கள், கஞ்சி போகட்டும். கடையில் துணி வாங்கும்போது தடிமன் அளக்கும் காலிப்பர் கருவி ஒன்றை எடுத்துப்போய் விரலால் இறுக்கி அளந்து வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

எண்ணெய்க்கு, இலக்குச் சுடுகிறவருக்கு எச்சிலே போதும். கேலியில்லை, துணியை வாயில் போட்டு ஈரமாக்கிச் சுடுகிறவர்கள் போட்டியிலேயே உண்டு. ஆனால் கெட்டித்துவிட்டு ரொம்ப நேரம் வைத்திருந்தால் காய்ந்துவிடும், மருந்தும் நனையும். தேன்மெழுகோடு ஆலிவ் எண்ணெயையோ ஆட்டுக் கொழுப்பையோ உருக்கிக் கலந்து துணியில் தேய்ப்பது பழைய வழி. பெட்ரோலியத்திலிருந்து வரும் கிரீஸ் கருமருந்தோடு சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதனால் கார் ஷெட்டில் இருப்பதைத் தடவ வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நல்லெண்ணெய் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டேன். மோசமில்லை, ஆனால் வாசனையில் எனக்கு இட்லி ஞாபகம் வந்து விசை இழுக்கத் தோன்றவில்லை.

கேள்வி (டெக்சாஸ் வாசகர்): என்னுடையது சக்கிமுக்கிக் கல் வைத்த ஃபிளிண்ட்லாக். நண்பர்கள் சுட்டால் ஒரு கை அகலத்தில் விழுகிறது. நான் சுட்டால் எங்கெங்கோ போகிறது. மருந்து, துணி எல்லாம் ஒன்றுதான். என்ன அளவு மாற்றலாம்?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். நண்பர் கையில் சுடுகிற துப்பாக்கிக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் கண்ணை மூடுகிறீர்கள்.

முகத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்கு அரையடி தள்ளி, கல் இரும்பில் உரசிப் பொறி பறந்து சின்னக் கிண்ணத்தில் இருக்கும் மருந்து குப்பென்று எரியும்போது உடம்பு துள்ளத்தான் செய்யும். பிரச்சினை, குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. கிண்ணத்து நெருப்பு பக்கத் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைத்துக் குண்டு வெளியே வரும்வரை நீங்கள் அசையாமல் இருக்கவேண்டும். கேப் துப்பாக்கி இதை மன்னிக்கும். இது மன்னிக்காது.

இரண்டு வேலை. முதலாவது வீட்டில். துப்பாக்கி காலிதான் என்று கோலை விட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, கல்லைப் பிடித்துக்கொண்டு அடிக்கும் குதிரையின் தாடையிலிருந்து கல்லைக் கழற்றிவிட்டு அதே அளவில் ஒரு மரத்துண்டை வைத்து இறுக்குங்கள். சுவரில் ஒரு பொட்டு ஒட்டி அதைக் குறி பார்த்து விசையை இழுங்கள், குதிரை விழுந்த பிறகும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணும்வரை பொட்டிலிருந்து பார்வை நகரக் கூடாது. தினம் இருபது தடவை. இரண்டாவது ரேஞ்சில். நண்பரை உங்களுக்குத் தெரியாமல் கிண்ணத்தில் சில தடவை மருந்து வைக்கவும் சில தடவை வெறுமனே விடவும் சொல்லுங்கள். மருந்தில்லாத கிண்ணத்தில் குதிரை விழும்போது குழல் எப்படித் துள்ளுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். எனக்குக் காட்டியபோது கூச்சமாகத்தான் இருந்தது. கண்ணாடி மட்டும் கட்டாயம், பக்கத்தில் நிற்பவருக்கும்.

துப்பாக்கிப் பக்கம் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். பக்கத் துளை பதினாறில் ஒரு அங்குலம் இருந்தால் சரி, சுடும் முன் ஒரு மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கிண்ணத்தை வழிய வழிய நிரப்பாதீர்கள். துளையை மருந்து மூடிக்கொண்டால் அது திரி மாதிரி மெதுவாக எரிந்து உள்ளே போகும், பாதிக் கிண்ணம் இருந்தால் தீப்பிழம்பே நேராகத் தாவும். கல்லின் முனை மழுங்கினால் பொறி குறையும். இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் பிராண்டன் என்ற ஊரின் கறுப்புக் கல்லுக்கு இன்னும் மவுசு. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளை இதில் போடவேண்டாம், அவை பற்றுவதற்குக் கூடுதல் சூடு வேண்டும், பொறிக்குச் சரியாகப் பற்றாது. இதில் அசல் கருமருந்துதான்.

கேள்வி (விர்ஜீனியா வாசகர்): நீளத் துப்பாக்கி. குரூப் பிரமாதம், ஆனால் 50 கஜத்தில் மூன்று அங்குலம் கீழே விழுகிறது. மருந்தைக் கூட்டினால் மேலே வருமா?

பதில்: வரும், குரூப்பும் போகும். மருந்தை வைத்து உயரத்தைச் சரிசெய்யாதீர்கள். முன் சைட்டை (குழல் நுனியில் குறி பார்க்கும் முனை) அதற்காகத்தான் வேண்டுமென்றே உயரமாக வைத்து விற்கிறார்கள், அரத்தால் தேய்த்துக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சைட்டுக்கும் நடுவே 36 அங்குலம் என்றால், 50 கஜம் 1800 அங்குலம், ஐம்பதில் ஒரு பங்கு. இலக்கில் ஒரு அங்குலம் ஏற முன் சைட்டில் 0.02 அங்குலம் தேய்க்கவேண்டும். உங்கள் மூன்று அங்குலத்துக்கு 0.06, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். பாதி தேய்த்துச் சுட்டுப் பார்த்துவிட்டு மீதி. தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது. பக்கவாட்டில் தள்ளினால் பின் சைட்டைக் குண்டு போகவேண்டிய பக்கமே நகர்த்துங்கள், முன் சைட்டென்றால் எதிர்ப்பக்கம்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. உங்கள் கட்டுரையைப் படித்ததும் சுத்தம் செய்து சுட்டுப் பார்க்க ஆசை. எவ்வளவு மருந்து போடலாம்?

பதில்: பூஜ்யம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இந்த ரகத் துப்பாக்கிகளைப் பழம்பொருள் கணக்கில் விட்டுவைத்திருக்கிறது, அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். தாத்தாவின் பேரில் இருந்த உரிமம் தாத்தாவோடு போயிற்று. உங்கள் பேருக்கு மாற்றாமல் வைத்திருப்பதே குற்றம். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அவர் சொல்லும் வழியில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதோ உரிமம் மாற்ற விண்ணப்பிப்பதோ செய்யுங்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், ஐம்பது வருஷம் துருப்பிடித்த குழல், அதுவும் உள்ளே தாத்தா கெட்டித்த மருந்து இன்னும் இருக்கலாம். பரணிலிருந்து இறக்கும்போதே அதன் வாய் யார் பக்கமும் திரும்ப வேண்டாம்.

கேள்வி (பென்சில்வேனியா வாசகர்): சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் மருந்தே போடாமல் குண்டை அடிவரை கெட்டித்துவிட்டேன். அன்றைக்கு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது எப்படி எடுப்பது?

பதில்: வெட்கப்படாதீர்கள், இந்த விளையாட்டில் இதைச் செய்யாதவர் இரண்டு வகைதான்: நேற்றுச் சேர்ந்தவர், பொய் சொல்பவர். மருந்து போடவில்லை என்பது உங்கள் ஞாபகம் மட்டுமே, அதனால் மருந்து உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கையாளுங்கள். கேப் வேண்டாம், கல்லைக் கழற்றிவிடுங்கள். கோலில் போட்ட கோட்டை வைத்துப் பார்த்தால் குண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். கோடு குழல்வாய்க்கு உள்ளே முழுகிப் போயிருந்தால் மருந்தில்லை. கோலின் நுனியில் மாட்டும் திருகாணி ஒன்று விற்கிறது, அதைக் குண்டின் ஈயத்தில் திருகி இறக்கி நேராக இழுங்கள், இரண்டு பேர் தேவைப்படலாம். மரக்கோலில் செய்யாதீர்கள், முறிந்து உள்ளங்கையில் ஏறும். திருகாணி பிடிக்கவில்லை என்றால் ரேஞ்சுக்கு எடுத்துப்போய், கேப் உட்காரும் முனையைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் 3எஃப் மருந்தைத் தட்டித் தட்டி உள்ளே விட்டு, முனையை மாட்டி, குண்டைக் கோலால் மறுபடி அடிவரை அழுத்திவிட்டு, வழக்கம்போல இலக்குப் பக்கம் பிடித்துச் சுடுங்கள். புஸ்ஸென்று போய் கொஞ்ச தூரத்தில் விழும். ஃபிளிண்ட்லாக்கென்றால் பக்கத் துளை வழியாகவே மருந்தை ஊட்டலாம், பொறுமை அதிகம் வேண்டும்.

நான் மூன்று தடவை. மூன்றாவது தடவை பக்கத்தில் நின்றவருக்கு லோடு போடுவது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.